பாதியில் நின்றுபோன கப்பல்களின் உடன்பிறப்பு: ஆல்பனியில் யு.எஸ்.எஸ். ஸ்லேட்டர்

இரண்டாம் உலகப் போரில் கான்வாய்களுக்கு (கூட்டமாகப் போகும் கப்பல்களுக்கு) காவல் போக அமெரிக்கா ஆர்டர் போட்ட டெஸ்ட்ராயர் எஸ்கார்ட் (டி.இ.) என்ற சிறு போர்க்கப்பல்கள் 1,005. கட்டி முடிந்தவை 563 மட்டும். பாஸ்டன் கடற்படைத் தளத்தில் ஷீஹன் (டி.இ.541) 1943 டிசம்பரில் தண்ணீரில் இறங்கியதோடு சரி. உள்வேலை முடியவே இல்லை. 1946 ஜனவரியில் ஆர்டர் ரத்தாகி, கடைசியில் காயலான் கடைக்குப் போனது. முடிந்திருந்தால் அப்படியொரு கப்பல் எப்படி இருந்திருக்கும் என்று பார்க்க, நியூயார்க் மாநிலத்து ஆல்பனியில் ஹட்சன் ஆற்றில் அருங்காட்சியகமாக நிற்கும் ஸ்லேட்டருக்குப் (டி.இ.766) போகலாம். ஷீஹன் நீராவி டர்பைன் வகை, இது டீசல் வகை. வேலையும் அளவும் ஏறக்குறைய ஒன்றுதான். டெக்சஸ் கால்வெஸ்டனில் ஸ்டூவர்ட் இருக்கிறது, ஆனால் அது தரையில் நிற்கிறது. அமெரிக்காவில் இன்னும் மிதப்பது ஸ்லேட்டர் ஒன்றே.

ஸ்லேட்டர் கேனன் வகுப்பு, அதாவது ஒரே வடிவமைப்பில் கட்டிய கப்பல் வரிசையில் ஒன்று. இந்த வகுப்பில் திட்டமிட்டவை 116. அதில் 44 ரத்து. வடிவமைப்பில் கேட்டது 12,000 குதிரைத்திறன், 24 நாட் (மணிக்குச் சுமார் 44 கி.மீ.) வேகம். டீசல் இன்ஜின்களைத் தரையிறங்கு கப்பல்கள் வாரிக்கொண்டதால் பாதியோடு திருப்திப்பட வேண்டியதாயிற்று: 16 சிலிண்டர் ஜெனரல் மோட்டார்ஸ் இன்ஜின் நான்கு, 6,000 குதிரைத்திறன், 21 நாட். கியர் வெட்டும் ஆலைகளுக்கும் தட்டுப்பாடு. அதனால் இன்ஜின் ஜெனரேட்டரைச் சுற்ற, அந்த மின்சாரத்தில் மோட்டார் ஓடி உந்துதண்டைத் திருப்பும்படி அமைத்தார்கள். இன்ஜின் அறைக்காகவே போகிறவர்கள், அன்றைய சுற்றில் அது உண்டா என்று டிக்கெட் எடுக்கும்முன் கேட்டுவிடுங்கள்.

மேல்தளத்தில் நேரம் செலவழிக்க வேண்டிய இடம் முன்பக்கத்து ஹெட்ஜ்ஹாக், நீர்மூழ்கிமேல் குண்டு எறியும் கருவி. தட்டில் வரிசையாக நட்ட கம்பிகள், அவற்றின்மேல் 24 குண்டுகள், ஒவ்வொன்றும் சுமார் 30 கிலோ. கப்பல் நெருங்கிவிட்டால், ஒலியால் நீருக்கடியில் தேடும் சோனாரின் கற்றை நீர்மூழ்கியின் தலைக்கு மேலே போய்விடும். பின்பக்கம் டெப்த் சார்ஜ் (குறித்த ஆழத்தில் வெடிக்கும் குண்டு) உருட்டுவது கண்ணைக் கட்டிக்கொண்டு போடுவது மாதிரி. அது வெடித்துக் கடலைக் கலக்கினால் சில நிமிடங்களுக்கு சோனாரில் எதுவும் கேட்காது. ஹெட்ஜ்ஹாக் குண்டு சோனார் பிடி விடுவதற்கு முன்பே சுமார் 230 மீட்டர் முன்னால் போய் விழும், பட்டால்தான் வெடிக்கும். சத்தம் இல்லையென்றால் குறி தவறிவிட்டது. கடல் அமைதியாக இருப்பதால் உடனே மறுபடி தேடலாம். இதைப் புரிந்துகொண்டு, டெப்த் சார்ஜைப் பக்கவாட்டில் வீச, பக்கத்துக்கு நான்காக நிற்கும் எட்டு கே-கன்களையும், அதை உருட்டிவிடும் பின்முனைத் தண்டவாளங்களையும் பாருங்கள். டார்பிடோ குழாய்களைத் தேட வேண்டாம். 1945-இல் பசிபிக்குக்கு ஆயத்தப்படுத்தும்போது எடுத்துவிட்டு, விமான எதிர்ப்புக்கு 40 மில்லிமீட்டர் பீரங்கிகளை வைத்தார்கள்.

கீழ்த்தளம் நெருக்கடி. 93 மீட்டர் நீளம், 11 மீட்டர் அகலத்துக்குள் 216 பேர், மூன்றடுக்குப் படுக்கை. ஏணிகள் செங்குத்தானவை: ஏணியைப் பார்த்தபடி, இரு கையும் பிடித்து இறங்க வேண்டும். முதுகுப் பை வேண்டாம். கதவுகளின் உயர்ந்த வாசல்விளிம்பு முழங்காலுக்குக் கீழே பதம் பார்க்கும், மேலே குழாய்கள் தலையைப் பார்க்கும். முட்டிவலி உள்ளவர்களுக்கும் சக்கர நாற்காலிக்கும் இது தோதான இடமில்லை. கோடையில் இரும்பு கொதிக்கும், காலையிலேயே போய்விடுங்கள். ஆல்பனி வரைக்கும் ஹட்சனில் கடல் ஏற்ற இறக்கம் உண்டு, அதனால் கேங்வேயின் (கப்பலில் ஏறும் பலகைப் பாலத்தின்) சாய்வு நேரத்துக்கு நேரம் மாறும்.

ஒரே குறை: 1951-இலிருந்து 40 ஆண்டுகள் கிரேக்கக் கடற்படையில் ‘ஏடோஸ்’ என்ற பெயரில் ஓடிய காலம் கப்பலில் ஏறக்குறைய அழிந்துவிட்டது. எல்லாமே 1945-க்குத் திருப்பப்பட்டிருக்கிறது, வெளிப்பக்கத்தில் எதிரியின் கண்ணை ஏமாற்றப் பூசிய ‘டேஸில்’ வண்ணக் கோடுகள் உட்பட.

திறந்திருப்பது ஏப்ரல் முதல் நவம்பர் வரை. பனிக்காலத்தில் ஆற்றுப் பனிக்கட்டிக்குப் பயந்து எதிர்க்கரை ரென்சலியருக்கு இழுத்துப் போய்விடுவார்கள்.