மத்தன் தைலம்: அப்பாவின் காலோடு இரண்டரை வருஷம்

அப்பாவுக்குச் சர்க்கரை வந்து 19 வருஷம் ஆகிறது. 2022 கடைசியில் வலது உள்ளங்காலில், பெருவிரலுக்குக் கீழே புண் வந்தது. செருப்புக்குள் ஒரு சின்ன ஜல்லிக்கல். நாள் முழுக்க அதை மிதித்தே நடந்திருக்கிறார். கால் மரத்துப்போயிருந்ததால் தெரியவே இல்லை. கூடத்தில் ரத்தத் தடம் பார்த்துத்தான் எங்களுக்கே தெரிந்தது.

முதல் பத்து நாள் செய்தது பெரிய தப்பு. மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பற்றுப் போட்டோம். அது ஓடு மாதிரி காய்ந்து ஒட்டிக்கொண்டது. மேலே ஆறுகிற மாதிரி இருந்தது, அடியில் சீழ் கட்டிவிட்டது. டாக்டர் அந்த ஓட்டைப் பிரித்து, அழுகிய சதையை வெட்டி எடுத்தபோது புண் ஒரு ரூபாய் நாணயத்தைவிடப் பெரிதாக இருந்தது. ஆன்டிபயாடிக், இன்சுலின், ரத்த ஓட்டம் பார்க்க டாப்ளர், எலும்புக்கு எக்ஸ்ரே என்று எல்லாம் அதற்கப்புறம்தான்.

சீழ் நின்று சிவப்புச் சதை தெரிந்த பிறகே மத்தன் தைலத்துக்கு வந்தோம். அரசு மருத்துவமனை சித்தா பிரிவில் கொடுத்தார்கள். கால் பார்த்த டாக்டரிடமும் காட்டிக் கேட்டுக்கொண்டேன். ஊமத்தை இலைச் சாறு, தேங்காய் எண்ணெய், மயில்துத்தம் சேர்த்துக் காய்ச்சுகிற பச்சை எண்ணெய் அது. வேட்டியில் பட்டால் கறை போகாது. தினமும் சலைனில் கழுவி ஒற்றி எடுத்துவிட்டு, தைலத்தில் நனைத்த காஸ் துணியைப் புண்ணின் அளவுக்கே வெட்டி வைத்துக் கட்டுவேன்.

கட்டு ஒட்டிக்கொள்ளாததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. வெறும் காஸைப் பிரிக்கும்போது புதுச்சதையும் சேர்ந்து பிய்ந்து வரும், இதில் அது இல்லை. ஆனால் மூன்றாவது வாரம் சுற்றியிருந்த தோல் சிவந்து, வெந்த மாதிரி ஆகிவிட்டது. மயில்துத்தம் என்பது காப்பர் சல்பேட், தோலை அரிக்கும். நல்ல காலாக இருந்தால் எரிச்சல் காட்டிக்கொடுக்கும், மரத்த காலில் அதுவும் இல்லை. ஐந்து நாள் நிறுத்திவிட்டு, பிறகு அளவைக் குறைத்துப் போட்டேன். ஊமத்தை விஷம் என்பதால் பாட்டில் பேரப்பிள்ளைகளுக்கு எட்டாத மேல்தட்டில்தான் இருக்கும்.

ஞாயிறுதோறும் கண்ணாடித் தாளைப் புண்மேல் பிடித்துப் பேனாவால் ஓரம் வரைந்து வைத்தேன். நாலு வாரத்தில் பாதியாகச் சுருங்காவிட்டால் உடனே வரச் சொல்லியிருந்தார் டாக்டர். சுருங்கியது. முழுசாக மூட 14 வாரம் ஆனது.

தைலம்தான் ஆற்றியது என்று என்னால் சொல்ல முடியாது. அந்த நாட்களில் அப்பா அந்தக் காலை ஊன்றவே இல்லை, வாக்கர் பிடித்துத்தான் பாத்ரூம் போனார். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c) 10.4-லிருந்து 7.6-க்கு இறங்கியது. பாதிக்கு மேல் பெருமை அதற்குத்தான் என்பது என் கணிப்பு. கறுத்துப்போன புண், நாற்றம், காய்ச்சல், பரவுகிற சிவப்பு இருந்தால் எந்தத் தைலத்தையும் தொடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

போன வருஷம் குதிகால் வெடிப்பில் மேலாக ஒரு புண் வந்தது. மறுநாளே டாக்டரிடம் காட்டிவிட்டு இதே தைலம் போட்டோம், மூன்று வாரத்தில் மூடிவிட்டது. இப்போது பாட்டிலைத் திறந்து மாதக்கணக்காகிறது. கட்டுப் போட்ட நாட்களில் வந்த பழக்கம் மட்டும் விடவில்லை. ராத்திரி சாப்பிட்டதும் கைக்கண்ணாடியைக் கொண்டுவரச் சொல்லி உள்ளங்காலைப் பார்க்கிறார் அப்பா. காலையில் எம்.சி.ஆர். செருப்பை, அதாவது மரத்த காலுக்கான மெத்தென்ற ரப்பர் செருப்பை, கவிழ்த்து இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத்தான் காலை நுழைக்கிறார்.