ப்ளூடூத் ஓபிடி ஸ்கேனர்: 12 வருஷ வண்டிக்கு வாங்குனேன், 4 ஸ்டார்

நம்மது 2012 மாடல் பெட்ரோல் வண்டி, நாலு சிலிண்டர். சிக்னல்ல ஏசி போட்டு நின்னா ஸ்டீயரிங்கே ஆடும், மேம்பாலம் ஏறும்போது யாரோ பின்னாடி புடிச்சு இழுக்குற மாதிரி விக்கும். வழக்கமா போற ஒர்க்‌ஷாப்ல மொதல்ல பிளக் மாத்துனாங்க, போகல, அடுத்து ஃபியூல் பம்ப் போயிருக்கும்னு எட்டாயிரம் சொன்னாங்க, அப்பதான் கடுப்புல இந்த ஓபிடி ஸ்கேனர, அதாவது வண்டி கம்ப்யூட்டர்ல பதிவாகுற கோளாறு கோட போன்ல காட்டுற டப்பாவ, ஆர்டர் பண்ணேன். எழுநூறு ரூவா, தீப்பெட்டியவிட கொஞ்சம் பெருசு.

ஸ்டீயரிங்குக்கு கீழ 16 பின் சாக்கெட் இருக்கும், அதுல சொருகி சாவிய ஆன்ல வச்சு போன்ல டார்க் (Torque)ங்குற ஆப்ப தெறந்தா போதும். வந்த கோடு பி0302, அதாவது ரெண்டாவது சிலிண்டர்ல மிஸ்ஸிங், பெட்ரோல் சரியா எரியல. ஏன் மிஸ்ஸாகுதுன்னு இது சொல்லாது, அங்கதான் நிறைய பேர் ஏமாந்து ஒண்ணு ஸ்டார் போட்டிருக்காங்க. நான் ரெண்டாவது சிலிண்டரோட காயில (பிளக்குக்கு கரண்ட் குடுக்குற பாகம்) கழட்டி மூணாவதுல மாட்டி, மூணாவத ரெண்டுல மாட்டி, கோட அழிச்சுட்டு ஒரு ரவுண்டு போனேன். திரும்பி வந்து பாத்தா பி0303! காயில் கூடவே பிரச்சனையும் நகந்துருச்சு, அப்ப காயில்தான். கோடு 302லயே நின்னிருந்தா பிளக், இன்ஜெக்டர், கம்ப்ரஷன்னு தேடணும். கழட்டுன காயிலோட ரப்பர் நுனி எண்ணெயில ஊறி உப்பி இருந்துச்சு, டேப்பெட் கவர் (இன்ஜின் மேல் மூடி) பேக்கிங் போய் பிளக் குழிக்குள்ள ஆயில் எறங்கியிருக்கு. காயில மட்டும் மாத்தியிருந்தா ஆறே மாசத்துல புதுசும் போயிருக்கும், அதனால பேக்கிங்கும் சேத்து மாத்தியாச்சு. (பழைய வண்டில கனெக்டர் லாக்க மெதுவா அமுக்குங்க, எனக்கு ஒண்ணு ஒடஞ்சு இப்ப கேபிள் டை போட்டு நிக்குது.)

ஒரு ஸ்டார் ஏன் கொறச்சேன்னா, இதுல ஸ்விட்ச் இல்ல, சொருகியே விட்டா பேட்டரிய குடிச்சிரும், ரெண்டு நாள் எடுக்காம விட்டதுல காலைல செல்ஃப் எடுக்கல. ஐபோனுக்கு இந்த மாடல் சேராது, வைஃபை மாடல் பாருங்க. கார்புரேட்டர் வண்டிக்கு சுத்தமா வேலை இல்ல, 2010க்கு முந்தின வண்டின்னா யார்கிட்டயாவது இரவல் வாங்கி கனெக்ட் ஆகுதான்னு பாத்துட்டு காச போடுங்க.

இன்னொண்ணு, செக் இன்ஜின் லைட் விட்டு விட்டு எரிஞ்சா ஸ்கேனர் வரட்டும்னு ஓட்டிட்டே இருக்காதீங்க, எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய் பொகைய சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர காலி பண்ணிரும், அது வெலைக்கு இந்த டப்பா ஒரு மூட்டையே வாங்கலாம்.