1986 சட்டமா, 2012 ஆணையா?

அமெரிக்காவில் ஆவணமின்றி வாழ்பவர்களுக்கு நாடுகடத்தல்தான் தீர்வா? மாற்றாக இரண்டு வழிகளை அந்த நாடே பார்த்திருக்கிறது.

1986இல் அதிபர் ரீகன் கையெழுத்திட்டது காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம், நிறைவேற்றிய சட்டம். 1982க்கு முன்பிருந்து வசித்தவர்களும் பண்ணைத் தொழிலாளர்களும் விண்ணப்பித்து, சுமார் 27 லட்சம் பேர் நிரந்தரமாக வசிக்க உரிமை தரும் கிரீன் கார்டு பெற்றார்கள். ஆவணமில்லாதவர்களை வேலைக்கு வைக்கும் முதலாளிகளுக்கு அபராதம் என்ற பகுதி மட்டும் ஒழுங்காக அமலாகவில்லை. எதிர்ப்பாளர்கள் இன்றும் அதைத்தான் சொல்கிறார்கள், நியாயமான குறைதான்.

2012இல் ஒபாமா அரசு அறிவித்த டாகா (DACA) என்ற திட்டம் வெறும் நிர்வாக முடிவு, சட்டமல்ல. 16 வயதுக்குள் வந்த பிள்ளைகளை இரண்டு வருடத்துக்கு நாடுகடத்த மாட்டார்கள், வேலை அனுமதியும் தருவார்கள். அப்புறம்? மறுபடி படிவம், கட்டணம், கைரேகை, காத்திருப்பு. அன்று முப்பது வயதில் சேர்ந்தவர் நாற்பதைத் தாண்டியும் அதையே செய்துகொண்டிருக்கிறார். 2017இல் டிரம்ப் அரசு இதை ஒழிக்கப் பார்த்தது. 2020இல் உச்ச நீதிமன்றம் தடுத்ததும் ரத்து செய்த முறை சரியில்லை என்பதால்தான். எச்1பி என்ற வேலை விசாவில் வந்த பெற்றோருடன் விசாவிலேயே வந்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இதில் இடமே இல்லை, அந்த விசா இருந்த ஒரே காரணத்துக்காக!

சரி, எது மேல்? என்னைக் கேட்டால் 1986 வழிதான். முதலாளிகள் மீதான கண்காணிப்பை இறுக்கி, அதைக் காங்கிரஸ் மறுபடி சட்டமாக்க வேண்டும்.