பர்மா பஜாருக்குப் பின்னால் ஒரு தட்டு அத்தோ

டொரன்டோவிலிருந்து ஊருக்கு வந்தால் பிரியாணி, பரோட்டா, பில்டர் காபி என்று நமக்கு ஒரே சுற்றுதான். பெரம்பூரில் வளர்ந்தவன் அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸைச் சாப்பிட்டதே இல்லையா என்று சித்தி மகன் கேலி செய்து, அன்று சாயங்காலமே கூட்டிப் போனான்.

காரில் போகாதீர்கள், நிறுத்த இடம் கிடைக்காது. மின்சார ரயிலில் கடற்கரை ஸ்டேஷனில் இறங்கினால் ராஜாஜி சாலையில் பர்மா பஜார். அதன் பின்னால் செகண்ட் லைன் பீச் பக்கம் இருட்டுகிற நேரத்தில் அத்தோ கடைகள் களைகட்டிவிடும். 1962-ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்து, அடுத்த சில வருடங்களில் கடை கண்ணிகளை எல்லாம் அரசுடைமை ஆக்கியதும், பர்மாவில் தலைமுறைகளாக இருந்த தமிழர்கள் கையில் கிடைத்ததோடு கப்பலேறி மதராஸ் வந்தார்கள். அவர்கள் பிழைக்க 1969-ல் உருவானது பஜார். கூடவே வந்தது இந்தச் சாப்பாடு.

மேஜை, மெனு கார்டு எதுவும் எதிர்பார்க்காதீர்கள். நின்றுகொண்டுதான் சாப்பிட வேண்டும். "காரம் எப்படிண்ணா?" என்று கடைக்காரத் தம்பி கேட்டார். மீடியம் என்றேன். ஆரஞ்சு நிறத்துத் தடித்த நூடுல்ஸை ஒரு கிண்ணத்தில் அள்ளிப் போட்டார். மேலே முட்டைகோஸ், வெங்காயம், பொரித்த வெங்காயம், பூண்டு எண்ணெய், மிளகாய்த் தூள், புளித் தண்ணீர், கடலை மாவு, கொத்தமல்லி. பேஜோ என்கிற தட்டை மாதிரி மொறுமொறுப்பை நொறுக்கிச் சேர்த்து, கையாலேயே பிசைந்து தட்டில் கொட்டினார். எல்லாம் சேர்ந்து ஒரு நிமிடம் ஆகியிருக்காது. கையால் பிசைவது வெளிநாட்டில் பழகிய கண்ணுக்கு உறுத்தலாம். ஆனால் கரண்டியால் கிளறினால் புளியும் எண்ணெயும் அப்படிச் சேராது என்பது என் கட்சி.

முதல் வாயில் புளிப்பு, அப்புறம் பூண்டு வாசம், கடைசியில் காரம். வாணலியில் வதக்கித் தரும் சூடான அத்தோவும் உண்டு. அதில் எல்லாம் குழைந்து சாதாரண ஃபாஸ்ட் ஃபுட் நூடுல்ஸ் ஆகிவிடுகிறது. எனக்குச் சூடு பண்ணாததுதான் பிடித்தது.

அசத்தியது வாழைத்தண்டு சூப். தனியாகக் காசு கிடையாது, கேட்கக் கேட்க ஊற்றுகிறார்கள். பர்மாவில் காலைச் சாப்பாடான மொஹிங்காவில் கெளுத்தி மீன் குழம்பில்தான் வாழைத்தண்டு கிடக்கும். இங்கே மீன் இல்லை, மிளகு தூக்கல். ரங்கூன் ருசியைத் தேடிப் போகிறவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கலாம். அறுபது வருடம் சென்னையில் புழங்கிய சாப்பாட்டுக்கு சென்னை நாக்கு ஒட்டாமல் இருக்குமா?

முட்டை மசாலாவை விட்டுவிடாதீர்கள். அவித்த முட்டையைக் கீறி, பொரித்த வெங்காயம், பூண்டு திணித்து, புளித் தண்ணீர் விட்டுத் தருகிறார்கள். அப்படியே முழுசாக வாயில் போட வேண்டும். கடித்துச் சாப்பிட்டால் சட்டை போச்சு.

கையில் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். எல்லாரும் போனில் ஸ்கேன் செய்து கிளம்புகிறார்கள். நம் வெளிநாட்டு கார்டை நீட்டினால் சிரிப்பார்கள். வந்து இறங்கிய முதல் நாளே போக வேண்டாம், வயிறு கொஞ்சம் ஊருக்குப் பழகட்டும். பெரம்பூர், அயனாவரம் பக்கம் இருப்பவர்கள் பாரிமுனை வரை போகவே வேண்டியதில்லை. பர்மாவிலிருந்து வந்தவர்கள் குடியேறிய வியாசர்பாடியிலும் அத்தோ கிடைக்கிறது.