நான்சி ட்ரூவின் முதல் வழக்கு: 1930 பதிப்பா, 1959 பதிப்பா?

துப்பறியும் பெண் நான்சி ட்ரூவைப் பற்றிய அமெரிக்கச் சிறுவர் நாவல் வரிசையில் முதலாவதான 'தி சீக்ரெட் ஆஃப் தி ஓல்ட் க்ளாக்' பற்றி வாசகர்களுக்குள் வரும் சண்டையில் பாதி, இருவரும் படித்தது வேறு வேறு புத்தகம் என்பதால் வருவது. 1930இல் வந்த மூலத்தைப் படித்தவர் கொண்டாடுவார். 1959இல் திருத்தி எழுதியதைப் படித்தவர், "விறுவிறுப்பாகத்தான் இருக்கிறது, ஆனால் மனதில் நிற்கவில்லையே" என்பார்.

கதை இரண்டிலும் ஒன்றுதான். ஜோசையா க்ரௌலி என்ற முதியவர் இறந்துபோகிறார். சொத்து முழுவதும் பணத்திமிர் பிடித்த டாப்ஹம் குடும்பத்துக்குப் போகப் போகிறது. அவர் பிற்பாடு வேறு உயில் எழுதியிருக்க வேண்டும் என்று ஏழை உறவினர்கள் நம்புகிறார்கள். அதற்கான துப்பு ஒரு பழைய கடிகாரத்துக்குள் இருக்கிறது. வக்கீலின் மகள் நான்சி தேடிக் கிளம்புகிறாள்.

மூலத்தை எழுதியவர் மில்ட்ரட் விர்ட். சிறுவர் கதை வரிசைகளை ஆள் வைத்து எழுதவைத்த ஸ்ட்ராட்மேயர் நிறுவனம் 125 டாலர் கொடுத்து உரிமையை வாங்கிக்கொண்டு, கரோலின் கீன் என்ற புனைபெயரில் வெளிவரச் செய்தது. 25 அத்தியாயங்கள். அப்பாவும் மகளும் உயிலைப் பற்றிப் பேசுவதில் கதை தொடங்குகிறது, அவசரமே இல்லை. திருத்தியவர் நிறுவனரின் மகள் ஹேரியட் ஆடம்ஸ். அவர் 20 அத்தியாயங்களாகக் குறைத்தார். முதல் சில பக்கங்களுக்குள்ளேயே ஒரு சிறுமி வண்டியில் அடிபடாமல் தப்பி, பாலத்திலிருந்து விழுகிறாள். பத்து வயதுப் பிள்ளையை உட்கார வைக்க இது போதும். வேகம்தான் வேண்டும் என்றால் 1959க்கே என் ஓட்டு.

ஆனால் அந்த வேகத்துக்குக் கொடுத்த விலை பெரியது. மழைக்கு ஒதுங்கும் நான்சி ஒரு பண்ணையில் க்ரௌலிக்கு வேண்டியவர்களான இரண்டு சகோதரிகளைச் சந்திக்கிறாளே, அந்த இடத்தைப் பாருங்கள். மூலத்தில் க்ரேஸ் துணி தைக்கிறாள், ஆலி கோழி வளர்த்துப் பிழைக்கப் பார்க்கிறாள். உயில் கிடைத்தால் இவர்கள் வீட்டில் அடுப்பு எரியும்; கிடைக்காவிட்டால் கஷ்டம்தான். 1929 பங்குச்சந்தை சரிவுக்குச் சில மாதங்கள் கழித்து வந்த புத்தகம் இது என்பதை இங்கே உணரலாம். திருத்தத்தில் தங்கைக்குப் பாட்டுக் கற்க ஆசை, நல்ல குரல், ஒரு இசை ஆசிரியர் என்று மாற்றிவிட்டார்கள். இனிமையாக இருக்கிறது, ஆனால் வயிற்றுப்பாட்டின் அழுத்தம் போய்விட்டது. நான்சியும் 16 வயதிலிருந்து 18க்குப் போய், இன்னும் மரியாதைக்காரப் பெண்ணாகிவிட்டாள். துணிச்சலான பழைய நான்சிதான் எனக்குப் பிடித்தவள்.

சரி, அப்படியானால் மூலத்தையே எல்லோருக்கும் கொடுத்துவிடலாமா? இங்கேதான் ஜெஃப் டக்கர் வருகிறார். ஏரிக்கரை பங்களாவில் திருடர்கள் நான்சியை அலமாரி அறைக்குள் பூட்டிவிட்டுப் போகிறார்கள். உள்ளே இருக்கும் கம்பை நெம்புகோலாக்கிக் கதவை உடைக்கப் பார்க்கிறாள். புத்தகத்திலேயே சிறந்த காட்சி இது. சத்தம் கேட்டு வரும் காவலாளிதான் ஜெஃப். மூலத்தில் அவர் கறுப்பினத்தவர். குடிபோதையில் இருக்கிறார், அவருடைய பேச்சையே கேலிக்குரிய கொச்சையாக எழுதியிருக்கிறார்கள். "அந்தக் காலம் அப்படி" என்று சில வாசகர்கள் கடந்துபோகிறார்கள். என்னால் முடியவில்லை. அதைப் படிக்கும் கறுப்பினக் குழந்தைக்கு அந்தக் காலமும் இந்தக் காலமும் ஒன்றுதான். 1959 பதிப்பில் ஜெஃப் வெள்ளையர், திருடர்களிடம் ஏமாந்தவர். இழிவு போனது நல்லது. ஆனால் அவரை மதிப்புள்ள கறுப்பின மனிதராக எழுதியிருக்கலாம். அதைச் செய்யாமல் கறுப்பின மனிதரையே கதையிலிருந்து எடுத்துவிட்டார்கள். திருத்தத்தைப் பாராட்டுபவர்கள் இதைப் பேசுவதே இல்லை.

தானாகப் படிக்கும் பிள்ளைக்கு 1959 பதிப்பைக் கொடுங்கள். பெரியவர்கள், அல்லது பிள்ளையோடு உட்கார்ந்து அந்த அத்தியாயத்தைப் பேசத் தயாராக இருப்பவர்கள், 1930ஐ எடுங்கள்; எழுத்தாக அதுதான் மேல். வாங்கும்போது அத்தியாயங்களை எண்ணிப் பாருங்கள். மஞ்சள் முதுகு அட்டையோடு கிடைப்பது திருத்திய பதிப்பு. மூலத்தை ஆப்பிள்வுட் நிறுவனம் 1991இல் பழைய வடிவிலேயே மறுபடி அச்சிட்டது. பழைய புத்தகக் கடைகளில் அதைத் தேடலாம்.