கடைசி ஓய்வு: காலை நீட்டியா, நாற்காலியில் போட்டா, குரல் கேட்டபடியா?

ஆசனங்கள் முடிந்ததும் எல்லோரும் மல்லாந்து படுத்துக் காலை நீட்டுகிறோம். அதுதான் சவாசனம் என்று பழகிவிட்டது. ஆனால் 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஹடயோகப் பிரதீபிகை என்ற யோக நூல் இதற்கு ஒரே ஒரு சுலோகம்தான் ஒதுக்குகிறது. பிணம் போலத் தரையில் மல்லாந்து கிடக்க வேண்டும், களைப்பு தீரும், மனம் ஓயும், அவ்வளவுதான். காலை நீட்டியே ஆக வேண்டும் என்று அதில் இல்லை. எனக்கு அது ரொம்ப வசதியாகப் போயிற்று. இப்போதெல்லாம் கெண்டைக்கால் இரண்டையும் நாற்காலியில் போட்டுத்தான் படுக்கிறேன். என் சாய்வு எந்தப் பக்கம் என்பது தெரிந்திருக்கும்.

முதலில் யோக நித்திரை, அதாவது படுத்தபடி ஒருவர் குரலில் சொல்லச் சொல்லக் கேட்டுச் செய்யும் ஓய்வு. நியாசம் என்ற பழைய தாந்திரிக முறையை அடிப்படையாக வைத்து, பீகார் யோகப் பள்ளியை நிறுவிய சத்யானந்த சரஸ்வதி வடிவமைத்த முறைதான் இன்று பரவலாக இருக்கிறது. ஒரு சங்கல்பம், பிறகு வலது கைக் கட்டைவிரலில் தொடங்கி உடம்பு முழுக்கக் கவனத்தை நகர்த்துவது, மூச்சு எண்ணுவது என்று போகும். மனம் ஓரிடத்தில் நிற்காதவர்களுக்கு இது நல்ல பிடிமானம். எனக்கோ குரல் கொடுப்பவர் அடுத்து என்ன சொல்வார் என்று காது காத்துக்கொண்டே இருக்கிறது. தவிர, அரை மணி நேரம் ஒதுக்கினால்தான் நிறைவாகச் செய்ய முடியும். நெடுநாள் விடாமல் செய்தவர்கள் வேறு மாதிரி சொல்லலாம், என் அனுபவம் அவ்வளவு தூரம் போகவில்லை.

காலை நீட்டிய சவாசனத்துக்குச் சாமான் எதுவும் வேண்டாம், எங்கேயும் செய்யலாம். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

எனக்கு விஷயத்தை முடிவு செய்தது இடுப்புதான். கீழ் முதுகெலும்பில் தொடங்கித் தொடை எலும்பின் உட்பக்கம் வந்து சேரும் சோவாஸ் என்ற தசை ஒன்று உண்டு. நாளெல்லாம் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களுக்கு அது இறுகிப்போயிருக்கலாம். அப்படி இருக்கும்போது காலை நீட்டினால், அது கீழ்முதுகை மேலே இழுத்து வளைக்கும். படுத்தபடி இடுப்புக்கு அடியில் கையை விட்டுப் பாருங்கள். கை தாராளமாக நுழைகிறதா? அப்படியே முழங்காலை மடக்கினால் இடைவெளி சுருங்குவது கைக்கே தெரியும். அந்த இழுப்போடு கிடந்தால், உடம்பைத் தளர்த்து என்று யார் சொன்னாலும் கவனம் இடுப்பையே சுற்றிச் சுற்றி வரும். நாற்காலியில் காலைப் போட்டால் தசைக்கு இழுக்க வேலையே இல்லை. முதுகு தரையில் முழுதாகப் படிந்துவிடும், அப்புறம் மூச்சு தானாக அடிவயிறு வரை இறங்கும்.

ஆனால் நாற்காலியின் உயரம் சரியாக இருக்க வேண்டும். தொடை நேராக நிற்க வேண்டும், முழங்காலில் செங்கோணம் வர வேண்டும். நாற்காலி உயரமாக இருந்தால் புட்டம் தரையை விட்டு எழும்பும், அங்கே மடித்த போர்வையைச் செருகுங்கள். நாற்காலியின் விளிம்பு முழங்காலின் பின்பக்கத்தை அழுத்தினால் கால் மரத்துப்போகும், இன்னும் நெருங்கிப் படுத்து அங்கே ஒரு துண்டை மடித்து வையுங்கள். முகவாய் மேலே தூக்கினால் தலைக்கு அடியில் மெல்லிய மடிப்பு ஒன்று. உடம்பு குளிர்ந்துபோகும் என்பதால் மேலே ஒரு போர்வை. முழங்கால்கள் இருபுறமும் சாய்ந்து விழுந்தால் தொடைகளைச் சுற்றித் துண்டைத் தளர்வாகக் கட்டலாம், இதை நான் ரொம்பத் தாமதமாகத்தான் கண்டுகொண்டேன்.

தூக்கம் வருமா என்றால், வரும். காலை நீட்டும்போது வரும் குறட்டையை விட இதில் குறைவு என்று எனக்குத் தோன்றுகிறது, வீட்டில் இருப்பவர்கள் ஒத்துக்கொள்வதில்லை.

கர்ப்பத்தின் பிற்பகுதியில் இருப்பவர்களுக்கு இந்த மல்லாந்த வகைகள் எதுவும் வேண்டாம். கருப்பையின் எடை பெரிய ரத்த நாளத்தை அழுத்தும். முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைத்து இடப்பக்கம் ஒருக்களித்துப் படுப்பதே வழக்கம்.

நாற்காலி கிடைக்காத இடத்தில் முழங்காலுக்கு அடியில் போர்வையைச் சுருட்டி வைத்துக்கொள்கிறேன். நாற்காலி அளவுக்கு வராது, என்றாலும் கால் நீட்டிக் கிடப்பதற்கு இது எவ்வளவோ மேல். எழும்போது முழங்கால்களை மார்புப் பக்கம் கொண்டுவந்து, வலப்பக்கம் புரண்டு, சற்று நேரம் அப்படியே இருந்து, கையை ஊன்றி எழுந்தால் இடுப்பு பிடிக்காது.