தமிழ் நூற்பட்டியலுக்கு ஜோட்டெரோ எப்படி? எட்டு மாத அனுபவம்

நெறியாளர் கேட்டது வெறும் துணைநூற்பட்டியல் அல்ல. ஒவ்வொரு நூலுக்கும் கீழே அது என்ன சொல்கிறது, எதைச் சான்றாக வைத்துச் சொல்கிறது, என் கட்டுரைக்கு எங்கே உதவும் என்று ஐந்தாறு வரி எழுத வேண்டும். என் பொருள் சங்க நூல்கள் அச்சேறிய வரலாறு. அறுபது நூலுக்கு மேல் சேர்ந்துவிட்டது, பாதி வேர்டு கோப்பில், மீதி நோட்டில். எந்த வரியை எந்தப் பக்கத்தில் படித்தேன் என்று தேடியே நாள் போனது. அப்புறம்தான் நூல் விவரங்களையும் குறிப்புகளையும் சேர்த்துவைத்துத் துணைநூற்பட்டியல் தயாரிக்கும் ஜோட்டெரோ (Zotero) என்ற மென்பொருளுக்கு வந்தேன்.

இது 2006-இல் அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுத் துறைக்காரர்கள் தொடங்கியது, இலவசம். பி.டி.எஃப்-ஐ அதிலேயே திறந்து மஞ்சள் கோடு போடலாம், போட்டதையெல்லாம் பக்க எண்ணோடு ஒரே குறிப்பாக எடுத்துக்கொள்ளலாம். எனக்கு இந்த ஒன்றே போதும்.

ஆனால் அங்கே எழுதும் குறிப்பு பட்டியலில் அச்சாகாது. அதற்கு வழி இருக்கிறது: உங்கள் ஐந்தாறு வரியை 'எக்ஸ்ட்ரா' என்ற கட்டத்தில் எழுதுங்கள், பிறகு ஸ்டைல் (பட்டியலை அமைக்கும் முறை) பட்டியலிலிருந்து சிகாகோ முறையின் அனோட்டேட்டட், அதாவது குறிப்புரையோடு வரும், வடிவத்தை இறக்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பதிவின் கீழும் உங்கள் குறிப்பு தானாக வந்து உட்காரும்.

தமிழுக்கு வரும்போது கொஞ்சம் கைவேலை உண்டு. முதலில் பெயர். ஆசிரியர் கட்டம் முதற்பெயர், கடைசிப்பெயர் என்று இரண்டாகப் பிரிந்திருக்கும். உ. வே. சாமிநாதையரை அதில் போட்டால் 'சாமிநாதையர், உ. வே.' என்று திரும்பி வரும். உ என்பது உத்தமதானபுரம், வே என்பது அப்பா வேங்கடசுப்பையர். ஊரையும் அப்பாவையும் முதற்பெயராக்கினால் எப்படி? பெயர் கட்டத்தின் ஓரத்தில் இருக்கும் சிறு பொத்தானை அழுத்தினால் இரண்டும் ஒன்றாகிவிடும், முழுப்பெயரையும் நம் வழக்கப்படி எழுதலாம். முதல் நாளே இதைச் செய்துவிடுங்கள், அறுபது பதிவு சேர்ந்த பிறகு உட்கார்ந்து திருத்துவது பெரும் பாடு.

நூலின் அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என்-ஐக் கொடுத்தால் விவரங்கள் வரும், ஆனால் தமிழ் நூல்களுக்குப் பல சமயம் வெளிநாட்டு நூலகப் பட்டியல்களில் உள்ளபடி ரோமன் எழுத்தில், மேலே கோடும் கீழே புள்ளியுமாக வரும். தலைப்பை நாமே தமிழில் தட்டச்சு செய்வதுதான் நல்லது. பழைய நூலுக்கு அந்த எண்ணே கிடையாது, ஆண்டும் சில நேரம் 'சர்வசித்து வருடம்' என்று மட்டும் இருக்கும். அது சித்திரையில் தொடங்கி அடுத்த பங்குனியில் முடிவதால் 1887-ஆகவும் இருக்கலாம், 1888-ஆகவும் இருக்கலாம். இதை எந்த மென்பொருளும் தீர்க்காது. நான் ஆண்டுக் கட்டத்தில் 1887-88 என்று போட்டு, முகப்பில் இருந்தபடியே எக்ஸ்ட்ராவிலும் எழுதிவைக்கிறேன்.

எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான குறியீட்டு முறையான யூனிகோடு வருவதற்கு முந்தைய எழுத்துருவில் செய்த பி.டி.எஃப் என்றால் கண்ணுக்குத் தமிழ் தெரியும், கோடு போட்டு எடுத்தால் ஆங்கில எழுத்தும் குறியீடுமாகக் கொட்டும். வெறும் ஸ்கேன் என்றால் எழுத்தையே பிடிக்காது. இரண்டுக்கும் பகுதியைக் கட்டம் போட்டுப் படமாக எடுக்கும் வசதி கைகொடுக்கிறது. பக்க எண் மட்டும் சரியா என்று பார்த்துவிடுங்கள், முன்னுரைப் பக்கங்களையும் சேர்த்து எண்ணியிருந்தால் தள்ளிப்போயிருக்கும்.

இலவசச் சேமிப்பிடம் 300 எம்.பி. ஸ்கேன் நூல்கள் நான்கைந்து ஏற்றினாலே நிறைந்துவிடும். பதிவுகளுக்கும் குறிப்புகளுக்கும் அந்த வரம்பு இல்லை, அதனால் கோப்புகளைக் கணினியிலும் ஒரு வெளி டிஸ்கிலும் வைத்துக்கொண்டு மற்றதை மட்டும் இணையத்தில் சிங்க் (ஒத்திசைவு) செய்கிறேன். இந்த எட்டு மாதத்தில் ஒரு ரூபாய்கூடக் கட்டவில்லை.